டீக்கன் பணி: பந்தியில் தொடங்குங்கள்

டீக்கன் பட்டம் பெற்று ஒரு சேகரத்துக்குப் போய்ச் சேரும் இளைஞரிடம் ஊர் முதலில் கேட்பது, "குருப்பட்டம் எப்போ ஐயா?" என்பதைத்தான். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியை மனதில் ஏற்றிக்கொண்டால் அன்றைக்கே வேலை கெட்டது. நாளை கிடைக்கப்போகும் பட்டத்தைப் பார்த்துக்கொண்டே இன்றைய நாட்களைக் கடத்துகிறவர் இரண்டையும் இழக்கிறார். டீக்கனுக்கென்று தனி வேலை இருக்கிறது. அதை ஏற்கப் போகிறவர்களுக்கும், ஏற்றுக்கொண்டு முதல் சில மாதங்களில் திணறுகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

அந்த வேலை ஒரு சாப்பாட்டுப் புகாரில் பிறந்தது. எருசலேமில் முதல் சபை ஏழைகளுக்குத் தினமும் உணவு பகிர்ந்து வந்தது. கிரேக்கம் பேசும் விதவைகள் மட்டும் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் இதை ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறது. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பந்தி விசாரணையை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அந்த இடத்தில் இவர்களுக்குப் பட்டம் எதுவும் சூட்டப்படவில்லை. ஆனாலும் திருச்சபை மரபு டீக்கன் பணியின் வேரை அங்கேதான் பார்க்கிறது.

பெயர்களைக் கவனியுங்கள். ஏழுமே கிரேக்கப் பெயர்கள். எந்தக் கூட்டத்தார் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று புகார் சொன்னார்களோ, பெரும்பாலும் அவர்கள் மத்தியிலிருந்தே ஆட்களை எடுத்துப் பங்கீட்டை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். நிர்வாகம் என்று எடுத்துக்கொண்டாலும் இதற்கு இணையான முடிவைக் காண்பது கடினம். புகார் சொன்னவர்களை அடக்கவில்லை, விசாரணைக் குழு வைத்து இழுத்தடிக்கவில்லை. இன்றைக்கு டீக்கனாகப் போகிறவர் இந்த ஒரு அதிகாரத்தை மாதம் ஒருமுறை வாசிக்கலாம். யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலையின் பாதி.

எந்தச் சபையில், எந்த டீக்கன்?

ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் நடைமுறையில் இருக்கின்றன. எதற்குப் போகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்.

தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர், குருவானவர், டீக்கன் என்று மூன்று நிலை ஊழியம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் அந்தத் திருச்சபை உருவானபோதே இந்த அமைப்பு ஏற்கப்பட்டது. உங்கள் சபையும் திருமண்டலமும் பரிந்துரைத்து, இறையியல் கல்லூரியில் படித்து, பிறகு பேராயர் கையால் அபிஷேகம். செராம்பூர் செனட்டின் பி.டி. பட்டம்தான் பெரும்பாலும் வழி. மதுரை அரசரடியிலோ சென்னை குருகுலிலோ பெங்களூரிலோ படிக்கலாம். டீக்கனை உதவிகுரு என்றும் சொல்வார்கள். திருவிருந்தைத் தலைமை தாங்கி நடத்தும் அதிகாரம் இவருக்கு இல்லை. பரிமாற உதவலாம், பிரசங்கம் செய்யலாம், ஜெபங்களை நடத்தலாம். இந்த நிலையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவை விட வேறு சாட்சி வேண்டாம். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தபின் 1909இல்தான் அபிஷேகம் பெற்றார். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். முன்பு பார்த்த வேலை வீணாகுமோ என்று தயங்கும் முப்பது வயதுக்காரர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தொண்டர். தமிழகப் பங்குகளில் நீங்கள் பார்ப்பவர்கள் பெரும்பாலும் குருமாணவர்கள்; குருவாகுமுன் குறைந்தது ஆறு மாதம் இந்த நிலையில் இருக்கவேண்டும். மணமுடிக்காத வாழ்வுக்கான வாக்குறுதியை இந்தப் படியிலேயே கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் இது சின்னப் படி அல்ல. திருமணமானவர்கள் ஆயுள் முழுதும் திருத்தொண்டராகவே இருக்கும் நிரந்தரத் திருத்தொண்டர் முறையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் மீட்டெடுத்தது; 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கு விதிமுறை வகுத்தார். மணமானவருக்குக் குறைந்தது 35 வயது, மனைவியின் சம்மதம், குறைந்தது மூன்றாண்டுப் பயிற்சி. பட்டம் பெற்றபின் மனைவி இறந்தால் பொதுவாக மறுமணம் கிடையாது. ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருமணத்தை நடத்திவைக்கலாம், அடக்கச் சடங்கு நடத்தலாம், மறையுரை ஆற்றலாம். திருப்பலி நிறைவேற்றவோ, பாவசங்கீர்த்தனம் கேட்கவோ, நோயில்பூசுதல் கொடுக்கவோ முடியாது. இந்த எல்லையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் ஒரு குடும்பம் கண்ணீரோடு கேட்கும்போது, முடியாததை முடியும் என்று சொல்லிவிடக் கூடாது. உடனே குருவானவருக்குப் போன் போடத் தெரியவேண்டும்.

பாப்டிஸ்ட் மற்றும் பல தனிச்சபைகளில் டீக்கன்மார் தேர்தலில் வருகிறவர்கள். சம்பளம் கிடையாது, ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ கடைக்காரராகவோ இருந்துகொண்டே செய்கிற பொறுப்பு. காணிக்கை, கட்டடம், உதவி நிதி, திருவிருந்து ஏற்பாடு இவர்கள் கையில். பகுதிநேரப் பணிதானே என்று இதை இளப்பமாக எண்ணாதீர்கள். போதகர் மாறிப் போவார்; பத்திரமும் பாஸ்புக்கும் இவர்களிடம் இருக்கும்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் ரோமர் நிருபத்தில் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார். ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 1836இல் தொடங்கிய டீக்கனஸ் இல்லம் நோயாளர் பராமரிப்பையே ஒரு படித்த தொழிலாக மாற்றியது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே போய்க் கற்றவர். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் டீக்கனாகவும் குருவாகவும் அபிஷேகம் பெறுகிறார்கள். 2013இல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயராகவும் ஆனார். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்களுக்கு இந்தப் பட்டம் இன்று இல்லை. விண்ணப்பிக்கும் பெண்கள் தங்கள் திருமண்டலத்தில் அபிஷேகம் பெற்ற பெண்களுக்கு எந்த மாதிரி சேகரங்கள் கொடுக்கப்படுகின்றன என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. சட்டத்தில் இருக்கும் சமத்துவம் பணியிட மாறுதலில் எப்போதும் தெரிவதில்லை.

முதல் மாதம்: நடங்கள்

சேகரத்தில் காலடி வைத்ததும் உபதேசியாரைத் தேடிப் போங்கள். உங்கள் படிப்பு அவரிடம் இருக்காது. ஊர் அவரிடம் இருக்கும். எந்த வீட்டில் மகன் வெளிநாட்டில், எந்த வீட்டில் இரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லை, யார் ஒரு வருஷமாகத் திருவிருந்துக்கு வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கையில் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். படுக்கையில் இருப்பவர், வருமானம் நின்றுபோன வீடு, பள்ளியை விட்ட பிள்ளை, கடைசியாகப் போன தேதி. கைபேசியில் எழுதாதீர்கள், கைபேசியைத் தட்டிக்கொண்டிருக்கிறவரிடம் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். நோட்டையும் வீட்டை விட்டு வெளியே வந்தபின் எழுதுங்கள்.

உள்ளே போனதும் ஜெபிக்கத் தொடங்கிவிடாதீர்கள். பலர் இதைச் செய்கிறார்கள். நாற்காலியில் உட்காருமுன் கண்ணை மூடிவிடுகிறார்கள். உட்காருங்கள், விசாரியுங்கள், கேளுங்கள். அந்த வீட்டின் பாடு தெரிந்தபின் செய்யும் இரண்டு நிமிட ஜெபம், தெரியாமல் செய்யும் இருபது நிமிடத்தை விட மேல்.

எல்லா வீட்டிலும் காபி குடியுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். தமிழகச் சபைகளில் சாதி செத்துவிடவில்லை. தேவாலயத்தில் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுகிறவர்கள் தெருவுக்குள் போனதும் பிரிந்துவிடுகிறார்கள். டீக்கன் எந்தத் தெருவில் சாப்பிடுகிறார், எந்தத் தெருவில் "இப்பதான் குடிச்சேன், வேண்டாம்மா" என்று எழுந்துவிடுகிறார் என்பதை ஊர் ஒரே வாரத்தில் கணக்கெடுத்துவிடும். அந்த முதல் கணக்கு தவறிப்போனால் பிறகு நீங்கள் பேசும் எந்தப் பிரசங்கமும் அந்தத் தெருவில் ஏறாது. எருசலேமில் மொழி பிரித்தது. இங்கே பிரிப்பது வேறு. விடுபடுவது மட்டும் அதே விதவைகள்தான்.

அசனத்தில் நிற்கும் இடம்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஊழியம் செய்யப்போகிறவர்களுக்கு அசனம் நல்ல பாடசாலை. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி ஊரே உட்கார்ந்து உண்ணும் விருந்து அது. முதல் நாள் இரவே அடுப்பு மூட்டி, காய்கறி வெட்டி, விடிய விடிய வேலை நடக்கும். மறுநாள் பந்தி. புதிதாக வந்த டீக்கனை விருந்தினர்களோடு, பேராயரின் பக்கத்தில், முதல் பந்தியிலேயே உட்காரச் சொல்வார்கள். மரியாதையாக மறுத்துவிட்டு வாளியை எடுங்கள். சோறோ குழம்போ ரசமோ, ஏதாவது ஒன்றைப் பரிமாறுங்கள். வரிசையில் நடக்கும்போதுதான் தெரியும்: யார் வரவில்லை, யார் கடைசிப் பந்திக்காகச் சுவரோரம் நிற்கிறார், எந்தக் கிழவி தூக்குவாளியை முந்தானைக்குள் மறைத்துவைத்துக்கொண்டு கேட்கக் கூச்சப்படுகிறார் என்று.

கடைசிப் பந்திக்கு எலும்பும் குழம்பும்தான் மிஞ்சும் என்பது பல ஊர்களில் பழகிப்போன விஷயம். அதை மாற்றும் தைரியம் உங்களுக்கு வேண்டும். சமையல் பொறுப்பாளரிடம் காலையிலேயே போய், படுக்கையில் இருப்பவர்கள் பட்டியலைக் கொடுத்து, அவர்கள் பங்கை முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முதல் பந்தி உட்காருமுன் அந்தச் சோறு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். வாலிபர் சங்கப் பையன்கள் சைக்கிளில் கொண்டுபோவார்கள், கேட்டால் போதும்.

படுக்கையருகே

குருவானவர் பிரதிஷ்டை செய்த திருவிருந்தை நோயாளிகளிடம் எடுத்துச்செல்லும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால், டீக்கனின் வாரத்தில் அதுவே மிகக் கனமான நேரம். சில நடைமுறைக் குறிப்புகள். போகுமுன் வீட்டாரிடம் போனில் நேரம் கேளுங்கள். குளிப்பாட்டி உடைமாற்றும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். நின்றுகொண்டு பேசாமல் முக்காலியை இழுத்துப் போட்டுக் கண்மட்டத்தில் உட்காருங்கள். காது மந்தமென்றால் எந்தக் காது நல்ல காது என்று கேளுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது கடினம். அப்பத்தை மிகச் சிறிய துணுக்காக்கி ரசத்தில் தோய்த்துக் கொடுக்கலாமா என்று பராமரிப்பவரிடம் கேட்டபின்பே கொடுங்கள். ஆஸ்பத்திரி என்றால் செவிலியரிடம் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள்.

வெளியே வந்ததும் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மாமியாரை ஐந்து வருஷமாகத் தூக்கிப் பார்க்கும் மருமகள் அங்கே நிற்பாள். "நீங்க சாப்பிட்டீங்களாம்மா? ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். பல வீடுகளில் அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

அடக்கத்துக்குப் பிறகு

அடக்க ஆராதனையை நடத்துவது எளிது, புத்தகம் இருக்கிறது. அதற்குப் பிந்திய மூன்று மாதம்தான் டீக்கனுக்குரியது. மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இது யாருக்கும் நினைவிருக்காது. பிறகு வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, காப்பீடு. ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்குத் தகுதி இருந்தால் விண்ணப்பம். எந்த இ-சேவை மையத்தில் கூட்டம் குறைவு, என்னென்ன ஆவணம் கேட்பார்கள், கிராம நிர்வாக அலுவலர் எந்த நேரத்தில் இருக்கையில் இருப்பார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இதெல்லாம் ஆவிக்குரிய வேலையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். முதல் ஏழு பேருக்குக் கொடுத்த வேலை இதுதான் என்று அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

ரோமாபுரியில் வலேரியன் பேரரசன் காலத்தில், 258இல், புனித லாரன்ஸ் என்ற டீக்கன் கொல்லப்பட்டார். சபையின் பொருளைக் கவனித்தவர் அவர். சபையின் பொக்கிஷங்களைக் கொண்டுவா என்று அதிகாரி கேட்க, ஏழைகளைத் திரட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார் என்பது மரபு. உங்கள் நோட்டில் இருக்கும் பெயர்கள்தான் அந்தப் பொக்கிஷப் பட்டியல்.

காசும் கையெழுத்தும்

காணிக்கையைத் தனியாக எண்ணாதீர்கள். ஒருபோதும். இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த வேலை நாளே வங்கியில் போடுங்கள். அறுப்பின் பண்டிகையில் ஏலத் தொகையை "அப்புறம் தாரேன் ஐயா" என்று சொல்லிப் போகிறவர்களின் பெயரை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். சங்கக் காணிக்கை வாங்கினால் ரசீது, ஐம்பது ரூபாயானாலும். அவசரத்துக்குச் சபைப் பணத்தைக் கைமாற்றாக எடுத்து மறுநாள் வைத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அது நல்ல காரியத்துக்கே ஆனாலும் செய்யாதீர்கள். திருடினார் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. கணக்கு ஒரு நாள் இடித்தாலே போதும், வருஷக்கணக்கில் சேர்த்த பெயர் போய்விடும். தேர்ந்தெடுக்கப்பட்ட டீக்கன்மாருக்கு இன்னும் ஒன்று: ஆலயப் பெயின்ட் வேலையோ ஒலிபெருக்கியோ உங்கள் சொந்தக்காரரிடம் போகிறது என்றால், அந்தத் தீர்மானம் வரும்போது கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போய்விடுங்கள்; வெளியே போனதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

திருமண விஷயத்தில் சட்டம் கடுமையானது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் யார் யார் திருமணம் நடத்திவைக்கலாம் என்று வரையறுக்கிறது. பேராயர் கையால் அபிஷேகம் பெற்றவர், அரசு உரிமம் பெற்ற ஊழியர் போன்றோர்தான் அதில் வருகிறார்கள். அதிகாரம் இல்லாமல் நடத்திவைத்தால் பத்தாண்டு வரை சிறைக்கு வழியிருக்கிறது. ஆகவே உரிமம் இல்லாத டீக்கன், போதகர் ஊரில் இல்லை என்பதற்காகத் தாலியை எடுத்துக்கொடுக்க முன்வர வேண்டாம்.

மேலே இருப்பவரோடு

உங்கள் குருவானவரோடு கருத்து வேறுபாடு வரும். வரவேண்டும். அதை அவரது அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஊரில் ஒரு கூட்டம் அவருக்கு எதிராக இருக்கும். புது டீக்கன் வந்ததும் அந்தக் கூட்டம் இனிப்போடு வரும். "ஐயா, நீங்க வந்தப்பிறகுதான் சபை சபையா இருக்கு" என்பார்கள். இனிப்பை வாங்கிக்கொள்ளுங்கள், பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. பணத்தில் மோசடி, பெண்களிடமோ பிள்ளைகளிடமோ தவறான நடத்தை என்றால் மௌனம் குற்றம். பேராயருக்கு எழுத்தில் கொடுங்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் காவல்துறையிடம் போவது சட்டப்படியும் உங்கள் கடமை.

திருமண்டலத் தேர்தல் வரும்போது ஓட்டுக் கேட்கும் வேலையை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நல்ல சேகரம் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். கிடைக்காது என்று மிரட்டுவார்கள். ஒருமுறை ஒரு அணியின் ஆளாகிவிட்டால் சபையில் பாதி வீட்டுக் கதவு உங்களுக்குச் சாத்திவிடும். இழப்பு இருந்தாலும் விலகி நில்லுங்கள்.

பிரசங்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரமெல்லாம் வீடுகளில் நடந்தவருக்குப் பேச விஷயம் தானாகக் கிடைக்கும். சுருக்கமாகப் பேசுங்கள். வீட்டில் கேட்ட ரகசியத்தை, பெயரை மாற்றியும்கூட, பிரசங்க மேடையில் உதாரணமாக்காதீர்கள். சின்ன ஊரில் பெயர் மாற்றினால் யாரும் ஏமாறமாட்டார்கள்.

வீட்டுக்கும் கணக்குக் கொடுங்கள். 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் டீக்கனுக்கு வைக்கும் தகுதிகளில் குடும்பத்தை நன்றாக நடத்துவதும் ஒன்று. ஆளுக்கொரு பேச்சு பேசாமை, பண ஆசை இல்லாமை, குடிக்கு அடிமையாகாமை, முதலில் சோதித்துப் பார்க்கப்படுதல் ஆகியவை மற்றவை. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு எடுங்கள். அந்த நாளைச் சபைக்கு அறிவித்துவிடுங்கள். மனைவியோ கணவரோ சபையின் சம்பளமில்லாத ஊழியர் அல்ல. பெண்கள் ஐக்கியத்தை அவர் நடத்தித்தான் ஆகவேண்டும் என்று யாராவது நினைத்தால், விருப்பமா என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சேகரக் கமிட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். டீக்கன் வரும் நாளிலேயே அவர் என்ன செய்யவேண்டும், யாரிடம் பதில் சொல்லவேண்டும், எந்த நாள் விடுப்பு என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெட்ரோல் செலவை அவர் சம்பளத்திலிருந்து போடவைக்காதீர்கள். ஏழைகளுக்காக ஒரு சிறு தொகையை, கமிட்டியின் அனுமதிக்குக் காத்திராமல் செலவிட்டுப் பிறகு கணக்குக் காட்டும்படி அவரிடம் கொடுத்து வையுங்கள். மருந்துக்குக் காசில்லாமல் தவிக்கும் ஒரு வீட்டால் அடுத்த மாதக் கூட்டம் வரை பொறுத்திருக்க முடியாது.